நாற்பத்தோரு புழுக்களும் ஒரே உயரம்

அத்தியாயம் ஆறு

நாலு இட்லியும் எள்ளுப்பொடியும் சாப்பிட்டு நிம்மதியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு மனிதனை, ஒன்பதரை மணிக்குள் ஒரு புட்டி நிறையப் புழுவுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பது நியாயமே இல்லை என்று அய்யாக்குட்டி நினைத்தான். ஆனால் துப்பறியும் தொழிலில் நியாயம் கட்சிக்காரருக்குத்தான் கிடைக்கும். தொழில் செய்கிறவனுக்குக் கிடைப்பது இந்த மாதிரிப் புட்டிதான்.

புட்டி கால்நடை டாக்டர் வீட்டு மேஜைமேல் இருந்தது. உள்ளே ஸ்பிரிட்டில் வெள்ளை நூல்துண்டுகள் மாதிரிப் புழுக்கள் மிதந்தன. மூடியில் போலீஸ் அரக்கு முத்திரை.

"யக்கா, அசையுதுக்கா" என்றான்.

"செத்து ரெண்டு வாரமாச்சுல. நீ மேஜையில சாஞ்சு நிக்கே. அதான் ஆடுது" என்றார் ஞானபாய்.

ஞானபாய் பதினாறு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். இரவில் மாங்காய் பறிக்கப் போனது யார் என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு சோடாக் கடையின் மாடியில் 'துப்புத் துலக்கித் தரப்படும்' என்று பலகை மாட்டினார். அய்யாக்குட்டி அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவன். அந்த வேலை போனாலும் அந்த வாய் போகவில்லை.

இப்போது கையில் இருக்கும் வழக்கு இதுதான். பர்னபாஸ் என்பவன் தருவைகுளத்துக்காரன், இலங்கைக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் வீட்டில் மான் கறி கொதித்தது. அதே வாரம் தூத்துக்குடி உப்பள முதலாளி ஒருவரின் பங்களாத் தோட்டத்திலிருந்த நான்கு புள்ளிமான்களில் ஒன்று காணாமற்போனது. "மன்னார்ல கூட்டாளி ஒருத்தன் குடுத்த மான். தோணியில உசுரோட ஏத்திட்டு வந்தேன்" என்றான் பர்னபாஸ். சுங்கத்துக்குத் தெரியாமல் ஏற்றி வந்ததால் அதற்குச் சீட்டு ஒன்றும் இல்லை. தோலும் தலையும் கடலோடு போய்விட்டன. மணலில் புதைத்திருந்த குடல் மட்டும் போலீஸ் கையில் அகப்பட்டது. போலீஸ் அதைக் கால்நடை டாக்டர் ஜெபகனியிடம் கொடுத்தது. குடலில் இருப்பது இந்தக் கரை மானுக்கு வருகிற புழு, இலங்கை மானின் புழு அல்ல என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் அவர் அதையே வாயால் சொல்லிவிட்டால் பர்னபாஸுக்கு ஆறு மாதம் ஜெயில். தோணி வேறு தண்டல் கைக்குப் போய்விடும். இன்றைக்குச் சனிக்கிழமை.

பர்னபாஸின் மனைவி பேபிக்கு ஏழு மாதம். முந்தின நாள் சோடாக் கடை மாடிப்படியை மூச்சு வாங்க ஏறிவந்து, "மனுசன் சாச்சி சொன்னா மறிச்சுக் கேக்கலாம்க்கா. புழு சாச்சி சொன்னா என்னத்தப் போயிக் கேக்க?" என்று அழுதாள். அதனால்தான் அய்யாக்குட்டி இந்தப் புட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

டாக்டர் ஜெபகனி ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. மனைவி காலமாகிவிட்டாள். அவருக்குப் பிள்ளை கிடையாது. புழு இருந்தது. சுவரில் கல்யாணப் படம் மாட்ட வேண்டிய இடத்தில் சீமையிலிருந்து வந்த ஒரு கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. டாக்டர் கண்டுபிடித்த புதிய புழுவைப் பற்றிய கட்டுரை அடுத்த மாத இதழில் வெளிவரும் என்று அதில் எழுதியிருந்தது. புழுவின் லத்தீன் பெயர் ஒன்றரை வரிக்கு நீண்டு, கடைசியில் டாக்டரின் பெயரைச் சேர்த்து 'ஜெபகனியி' என்று முடிந்தது.

"ரெண்டுமே மான் குடல்ல இருக்கிற உருண்டைப் புழுதான்" என்று டாக்டர் ஆரம்பித்தார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது. "ஆண் புழுவுக்கு வால் நுனி குடை மாதிரி விரிஞ்சிருக்கும். அதுக்குள்ள ரெண்டு ஊசி. பெரிய புழுவுல ஊசி நுனி மூணாப் பிரியும். அது இலங்கை மானோடது. ரொம்பக் காலத்துக்கு முன்னாலயே பேர் வச்சாச்சு. சின்னப் புழுவுல நுனி ரெண்டாத்தான் பிரியும். அது நம்ம கரை மான்ல மட்டும்தான் உண்டு. அது என்னோடது."

"பொம்பளப் புழு?" என்றார் ஞானபாய்.

"பெண்ணை வச்சுப் பிரிக்க முடியாது. ரெண்டு இனத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எம்புட்டு ஒரே மாதிரி?"

"வித்தியாசமே கிடையாது."

"அது ஒங்களுக்கு அதிசயமாத் தெரியலையா டாக்டர்?"

"அறிவியல்ல அதுக்கெல்லாம் இடம் இருக்கு" என்றார் டாக்டர். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

"எங்கயும் பொண்ணுக்குத்தான் நெறம், ஒசரம், மூக்கு எல்லாம் பாப்பாவ. மாப்பிள்ளைய நிறுத்திவச்சுப் பாக்கது இங்கன மட்டும்தான் போல" என்றான் அய்யாக்குட்டி. டாக்டர் சிரிக்கவில்லை. இந்த அறையில் கடைசியாக யாராவது சிரித்தது போன யுத்தத்துக்கு முன்னால் இருக்கும்.

ஞானபாய் புட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எண்ணுல."

அய்யாக்குட்டி எண்ணினான். இட்லி மேலே வரப் பார்த்தது, அதட்டி உள்ளே அனுப்பினான். அந்தப் புட்டியில் இருந்தது ஆண் புழுக்கள் மட்டும்தான், மொத்தம் நாற்பத்தொன்று.

"எல்லாம் என்ன ஒசரம்?"

"ஒரே ஒசரம்க்கா. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த மாதிரி நிக்குது."

"எங்க விடுதியில ஒரே வகுப்புப் பிள்ளைய நாப்பது பேரு. ஒரே வயசு, ஒரே சோறு. வரிசையில நிறுத்துனா ஏத்தமும் எறக்கமுமாத்தான் நிக்கும். ஒரே ஒரு தடவ சரிமட்டமா நின்னுது. யாரோ ஒரு துரைசாணி பள்ளிக்கூடம் பாக்க வந்திருந்தா. போட்டோவுல அழகா விழணும்னு, ரொம்ப நெட்டையா இருந்த பிள்ளைய அம்புட்டையும் சமையல்கட்டுல ஒளிச்சு வச்சிருந்தோம்." ஞானபாய் புட்டியைக் கீழே வைத்தார். "இதுலயும் யாரோ பொறுக்கி நிறுத்தியிருக்காவ. அடியில கெடக்கே, அது என்ன?"

அய்யாக்குட்டி குனிந்து பார்த்தான். சிவப்பு நூல் ஒன்று, கண்ணிமை முடி நீளத்துக்கு, புழுக்களுக்கு அடியில் கிடந்தது.

"மான் குடல்ல செவப்பு நூல் எப்படி டாக்டர் வந்துது? குடலக் கழுவிப் புழுவ எடுக்கது யாரு? நீங்களா?" என்றார் ஞானபாய்.

"என் உதவியாளர் மூஸா நெய்னா. எனக்குக் கண்ணு பத்தாது. அவர் எடுத்துத் தருவார், நான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாப்பேன். இந்தக் கரையிலயே அவர மாதிரிக் கண்ணு யாருக்கும் கிடையாது."

அதில் பொய் இல்லை. மூஸா நெய்னா காயல்பட்டினத்துக்காரர், அறுபது வயது. அந்த ஊர் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரைக் 'காக்கா' என்பார்கள். இருபத்தைந்து வருஷம் முத்து வியாபாரிகளிடம் முத்துத் தரம் பிரித்தவர். கடலுக்குள் சிப்பி வற்றி, முத்துக்குளிப்பு நின்று இருபது வருஷம் ஆகிவிட்டது. மூஸா நெய்னா அதற்காக மூலையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவில்லை. தன்னிடம் கண் இருக்கிறது, டாக்டரிடம் புழு இருக்கிறது என்று கணக்குப் போட்டு வந்து சேர்ந்துவிட்டார்.

பின்கட்டு அறையில் அவர் பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் முத்து வியாபாரிகள் முத்தைப் பரப்பிப் பார்க்கும் சிவப்புத் துணி. துணிமேல் ஏதோ ஆட்டுக் குடலிலிருந்து வந்த புழுக்கள். கோழி இறகு நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஞானபாய் துணியையும் அய்யாக்குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நூல் வந்த வழி தெரிந்துவிட்டது.

"போலீஸ் குடுத்தாவளே, மான் குடலு. அதுல எத்தன ஆம்பளப் புழு எடுத்திய காக்கா?"

"புட்டியில இருக்கதுதாம்மா."

சொல்லிவிட்டு அவர் முன்னறைப் பக்கம் பார்த்தார். அங்கே டாக்டர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மூஸா நெய்னா வாயை இறுக மூடிக்கொண்டார். மேற்கொண்டு கேட்டால் ஆட்டுப் புழுவைப் பற்றித்தான் பேசுவார் என்று தெரிந்தது.

அய்யாக்குட்டிக்கு அந்த முகம் தெரியும். அவனுடைய அப்பா முத்துக் கடைகளுக்கு மூட்டை சுமந்தவர். கடையில் கூட்டம் இருக்கும்போது முத்து வியாபாரி எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரு துணிக்கடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். விரலைப் பிடிப்பதும் அழுத்துவதும்தான் பேச்சு. பிடித்தால் விரலுக்கு ஒன்று, அழுத்தினால் பத்து. அய்யாக்குட்டி தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

"காக்கா, வாயத் தொறக்காண்டாம்."

மூஸா நெய்னா துண்டைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. இருபது வருஷமாக யாரும் அவரிடம் இப்படிக் கை நீட்டியதில்லை. கையை உள்ளே விட்டார். அய்யாக்குட்டியின் மூன்று விரல்களைச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு ஐந்து விரல், அதன்பின் இரண்டு.

"முப்பத்தேழு. எது காக்கா? ஒளிச்சு வச்சதா?"

"பெருசு" என்று மூஸா நெய்னா உதட்டை மட்டும் அசைத்தார்.

"எங்கன இருக்கு?" என்றார் ஞானபாய்.

மூஸா நெய்னா அலமாரியைக் காட்டினார். 'இலங்கை' என்று டாக்டர் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய புட்டி. "ஒண்ணாம் நம்பர் புட்டியிலதான் சேத்தேன். தரம் ஒண்ணுன்னா புட்டியும் ஒண்ணுதானே."

"ஏன் போலீஸுக்குக் குடுக்கல?"

மூஸா நெய்னா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஞானபாயைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "சர்க்கார் ஆளு வந்து சரக்கு கேட்டா, நல்ல சரக்கையா எடுத்துக் காட்டுவாங்க? எங்க வாப்பா காலத்துலயே அந்தப் பழக்கம் கிடையாதும்மா. சிறுச மட்டும் குடுத்தேன்."

"சரி. இந்த ஒண்ணாம் புட்டி, ரெண்டாம் புட்டி எல்லாம் எப்ப ஆரம்பிச்சுது?"

"எட்டு வருசம் இருக்கும். டாக்டர் ரெண்டு டின் குடுத்தாங்க. ஒண்ணுல இலங்கையிலேருந்து வந்த மான் குடல். இன்னொண்ணுல உப்பளத்து முதலாளி வீட்டுல செத்த மான் குடல். புழுவ எடுத்துத் தாங்கன்னாங்க. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி…"

ஞானபாய் கையை உயர்த்தினார். "ஒண்ணாக் கொட்டியா?"

"கொட்டாம எப்படிம்மா பிரிக்கது? பத்துத் தோணிச் சிப்பியிலேருந்து வந்த முத்தா இருந்தாலும் ஒண்ணாக் கொட்டி, கழுவி, அப்புறம்தான் தரம் பிரிப்போம். பெருசெல்லாம் ஒண்ணாம் புட்டி. சிறுசெல்லாம் ரெண்டாம் புட்டி. பொம்பளைய மட்டும் பிரிக்க முடியல. நானும் ரெண்டு நாளு பாத்தேன், அல்லாஹ் அறிய எல்லாம் ஒரே தரம். ஆளுக்குப் பாதின்னு ரெண்டு புட்டியிலயும் போட்டுட்டேன். எந்த முத்து எந்தச் சிப்பியில வந்துதுன்னு ஊருல யாரு கேப்பா?"

வாசலில் ஏதோ விழுந்து உடைந்தது. டாக்டர் ஜெபகனி அங்கே நின்றுகொண்டிருந்தார். காலடியில் கண்ணாடிக் கிண்ணம் சில்லுச் சில்லாகக் கிடந்தது. இரண்டு டின் கொடுத்தார், இரண்டு புட்டி திரும்பி வந்தது. முதல் டின்னின் சீட்டை முதல் புட்டியில் ஒட்டினார், இரண்டாவதன் சீட்டை இரண்டாவதில். எட்டு வருஷமாக அந்தச் சீட்டை நம்பித்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்" என்றார் மூஸா நெய்னா.

இரண்டுமே உண்மைதான்.

"அளவு மட்டுமில்ல" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஊசியே வேற. மூணு நுனி, ரெண்டு நுனி. நான் படம் வரைஞ்சிருக்கேன்."

"மாப்பிள்ள ரெண்டு பேரும் வேற வேற மாதிரியே இருக்கட்டும் டாக்டர். பொண்ணு ரெண்டு வீட்டுலயும் ஒண்ணுதான்னு நீங்களே சொன்னிய. முத்துப் பாத்த கண்ணும் அதத்தான் சொல்லுது. அப்ப அது ரெண்டு வீடு இல்ல, ஒரே வீடு. ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை. பர்னபாஸ் மான்ல ரெண்டு பேருமே இருந்திருக்காவ, பாத்தியளா? அந்தக் குடல்ல மிச்சம் எதுவும் இருக்கா?" என்றார் ஞானபாய்.

பாதிக் குடல் இன்னும் ஸ்பிரிட் ஊற்றிய டின்னிலேயே இருந்தது. மூஸா நெய்னா அதை எடுக்கக் கை நீட்டினார். டாக்டர் அவரை விலக்கிவிட்டுத் தானே டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையாலேயே குடலைக் கீறிக் கழுவினார். கண் பத்தாமல் குனிந்து குனிந்து புழுக்களை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அய்யாக்குட்டி சுவரில் தொங்கிய கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டான்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, "பாருங்க" என்று அவனைத்தான் கூப்பிட்டார்.

அய்யாக்குட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். வட்டமான வெளிச்சத்தில் இரண்டு வால்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்றில் ஊசி மூன்றாகப் பிரிந்திருந்தது, மற்றதில் இரண்டாக. ஏதாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தவன் டாக்டரின் முகத்தைப் பார்த்தான். அந்த மனிதரை நினைத்து அவனுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

"ஒரே மான், ஒரு சாண் குடல். அதுல ரெண்டு பேரும் குடியிருக்காங்க" என்றார் டாக்டர். "ஒரே இனம்தான். பெரிசுக்கு எனக்கு முன்னாலயே ஒருத்தர் பேர் வச்சாச்சு. முந்தி வச்ச பேர்தான் நிக்கும். பிந்தினது விழுந்துரும். இதுல அதுதான் சட்டம்."

"திங்கக்கிழமை இதக் கோர்ட்டுல சொல்லுவியளா டாக்டர்?" என்றார் ஞானபாய்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பின்மேல் துணியைப் போட்டு மூடினார். "போயிட்டு வாங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் அய்யாக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. "சொல்ல மாட்டாருக்கா. அடுத்த மாசம் பேரு அச்சுல வருது. பேசாம இருந்தா யாருக்குத் தெரியும்? நம்ம சொன்னா எந்த மாஜிஸ்ட்ரேட்டு கேப்பாரு? நீங்க டாக்டரான்னு கேப்பாரு."

"அந்த நெட்டைப் பிள்ளையள சமையல்கட்டுல ஒளிச்சது யாரு தெரியுமால? நான்தான்" என்றார் ஞானபாய். "அதுல ஒருத்தி போட்டோ வந்த அன்னைக்கு எம்பக்கம் திரும்பிப் பாத்தா. பதினோரு வருசமா உறுத்துது. பாப்போம், அவருக்கு ரெண்டு நாளு இருக்கு."

திங்கட்கிழமை கோர்ட்டில் வெக்கை தாளவில்லை. கூண்டில் பர்னபாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பேபி கடைசி பெஞ்சில், ஜெபமாலையும் கையுமாக. மாஜிஸ்ட்ரேட் விசிறிக்காரனை முறைத்துவிட்டு டாக்டர் ஜெபகனியைக் கூப்பிடச் சொன்னார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் முத்திரைப் புட்டியை உயர்த்திக் காட்டினார். "இந்தப் புட்டியில் இருப்பது இந்தக் கரை மானின் புழுதானே?"

"மானின் புழு" என்றார் டாக்டர். "எந்தக் கரை மான் என்பது அந்தப் புழுவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் புட்டியைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை பார்த்தார், அது வேறு ஏதாவது சொல்லுமா என்பதுபோல. டாக்டர் பையிலிருந்து இன்னொரு புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரே குடலில் இரண்டு விதமும் இருந்ததை, சீட்டு மாறிப்போனதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மூஸா நெய்னாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. "தவறு என்னுடையது" என்று முடித்துக்கொண்டார்.

மாஜிஸ்ட்ரேட் காகிதத்தைப் புரட்டினார். "உங்கள் அறிக்கையில் உங்கள் பெயரிலேயே ஒரு இனம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே?"

"அப்படி ஒரு இனம் இல்லை. அச்சிட வேண்டாம் என்று இன்று காலை சீமைக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்." டாக்டர் சற்று நிறுத்தினார். "எனக்கென்று ஒரு புழு கிடையாது, ஐயா."

சனிக்கிழமையிலிருந்து மூன்று கிண்டல்களைத் தயார் செய்து வைத்திருந்த அய்யாக்குட்டி மூன்றையும் விழுங்கிவிட்டான்.

புழுவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கால் மணி நேரத்தில் பர்னபாஸை விட்டுவிட்டார்கள். சுங்கத்துக்குத் தெரியாமல் மான் ஏற்றியதற்கு அவன் சுங்க ஆபீசில் போய் நிற்க வேண்டும். அதற்கு அபராதம்தான், ஜெயில் இல்லை. தோணி அவனுக்குத்தான்.

"அப்ப முதலாளி மான் எங்கக்கா போச்சு?" என்றான் அய்யாக்குட்டி படியிறங்கும்போது.

"மான நாளைக்குத் தேடுவோம். மனுசன் வெளிய வந்தாச்சுல்லா."

கோர்ட் வாசலில் வாகை மரத்தடியில் டாக்டர் தனியாக நின்று, இரண்டு புட்டிகளையும் பைக்குள் ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பேபி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றாள். பர்னபாஸ் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"அய்யா, பிள்ளைக்கு ஒங்க பேரத்தான் வைக்கப் போறோம்" என்றாள் பேபி. "எங்க சாமியாரு புனிதர் பேரு ஒண்ணு வைக்கச் சொல்லுவாரு. அது முன்னால இருக்கட்டும். வீட்டுல கூப்பிடுதது ஜெபகனிதான்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆணா, பெண்ணா?"

"பொறக்காம எப்படி அய்யா தெரியும்? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

"அப்ப இப்பவே எங்கயும் எழுதிக் குடுத்திராதீங்க" என்றார் டாக்டர் மிகக் கண்டிப்பாக. "முதல்ல பிறக்கட்டும். நல்லாப் பாத்துட்டு அப்புறம் பேர் வைங்க." பையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்தவர் திரும்பினார். "பிறந்ததும் எனக்குச் சொல்லி விடுங்கம்மா. நானே வந்து பாக்கேன்."